மறதியைத் திட்டாதீர்கள்... சீட்டை மாற்றுங்கள்!



திங்கட்கிழமை காலை. மணி எட்டு. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு கையில் பாதி இட்லி. மறு கையில் ஒற்றை ஷூ.

‘அம்மா... என் டிராயிங் நோட்டு எங்கே?’

‘நேத்து ராத்திரியே எடுத்து வைன்னு சொன்னேனா, இல்லையா? உனக்கு எப்பப் பாரு மறதி!’

கடைசியில் நோட்டு கிடைக்காமலேயே வேன் கிளம்பிவிடுகிறது. பள்ளியில் டிராயிங் பீரியடில் ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறார். அது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

உங்கள் வீட்டில் இப்படி நடப்பதே இல்லை என்றால், நீங்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் புதிரைப் போடப் போகலாம். நடக்கிறது என்றால், இப்படி வந்து உட்காருங்கள். கொஞ்சம் பேச வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ‘மறதிக்காரன்’, ‘மறதிக்காரி’ என்று பெயர் வாங்கிய நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நானே பலரை அப்படித் திட்டியிருக்கிறேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால், அவர்களில் பலருக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் பார்த்த சினிமாவின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்வார்கள். கிரிக்கெட் ஸ்கோரை ஓவர் ஓவராக ஒப்பிப்பார்கள். டிராயிங் நோட்டு மட்டும் மறந்துவிடும்!

அப்படியானால் குறை எங்கே? நினைவுபடுத்தும் வழியில்தான். அந்த வழி, அவர்களுடைய நாளுக்குப் பொருந்தவில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் செய்த ஒரு பெரிய தவறிலிருந்து தெரிந்துகொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழகான டைரி செய்த வேலை

2012ம் ஆண்டு. புத்தாண்டுக்கு ஒருவர் எனக்கு ஒரு டைரி பரிசளித்தார். தடித்த அட்டை, வழுவழுப்பான தாள், நாளுக்கு ஒரு பக்கம். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். இனி எல்லாவற்றையும் இதில்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். தினமும் இரவு சாப்பிட்ட பிறகு, மேஜையில் உட்கார்ந்து, மறுநாள் செய்ய வேண்டியவற்றை முத்து முத்தாக எழுதுவேன்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. உங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் எழுதலாம். தேர்வானால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை கிடைக்கும். இப்போது ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். அப்போது மாதம் 500 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் 24,000 ரூபாய்.

என் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படிப்பாள். அவளுடைய அப்பா கூலி வேலை செய்பவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைந்து, வருமானச் சான்றிதழ் வாங்கினார். அதனால் மற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்கள் போன பிறகுதான், அவளுடைய விண்ணப்பம் என் கைக்கு வந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை மாலை, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பார்த்து முடித்து, டைரிக்குள் பத்திரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமைக்கான பக்கத்தில், ‘விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் காலை பேருந்தைப் பிடிக்கும் அவசரம். டைரி மேஜையிலேயே இருந்தது. நான் பள்ளிக்குப் போய்விட்டேன். நாள் முழுதும் பாடம், மதிய உணவு மேற்பார்வை, விளையாட்டு என்று ஓடியது. இரவு ஒன்பது மணிக்கு, வழக்கம்போல டைரியைத் திறந்தேன். நான் அடிக்கோடு போட்ட வரி என்னைப் பார்த்தது!

அதன் பிறகு யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை. திங்கட்கிழமை அந்த மாணவியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ‘பரவாயில்லை சார்’ என்றாள். தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

எழுதியிருந்தால் அவள் தேர்வாகியிருப்பாளா என்பது வேறு விஷயம். எழுதும் வாய்ப்பே என்னால் போய்விட்டதே! எட்டாம் வகுப்பு ஒருமுறைதானே வரும்? அன்று, ‘மறதிக்காரா’ என்று என்னைத் திட்ட ஒருவரும் வகுப்பில் இல்லை. நானே திட்டிக்கொண்டேன். ஆனால், திட்டிக்கொண்டதால் எனக்கு ஞாபகசக்தி வளர்ந்துவிடவில்லை.

சட்டைப் பைக்கு வந்த சீட்டு

சில நாட்கள் கழித்து அமைதியாக யோசித்தேன். நான் எழுதாமல் விடவில்லை. எழுதினேன், அடிக்கோடும் போட்டேன். பிறகு ஏன் நடந்தது?

டைரி இருந்தது வீட்டில். வேலை இருந்தது பள்ளியில். டைரியைத் திறந்தது இரவில். வேலை செய்ய வேண்டியது பகலில். டைரியோ பெரியது; கையோடு எடுத்துப் போக முடியாது. அது அழகான டைரிதான். ஆனால், என் நாளுக்குப் பொருந்தாத டைரி!

அதனால் டைரியை மூடி வைத்துவிட்டு, ஒரு பக்கம் எழுதிய பழைய தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மறுபக்கத்தில் அன்றைய வேலைகள். அதாவது, ஒரு நினைவுச் சீட்டு.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வாரமே சீட்டு சட்டையோடு சேர்ந்து ஊறவைத்த பக்கெட்டுக்குப் போய், கூழாகி வந்தது! அதன் பிறகு, வீட்டுக்கு வந்ததும் சீட்டை எடுத்துக் கண்ணாடிக் கூட்டில் வைக்கப் பழகினேன். அடுத்த வாரம், ஆசையில் பதினைந்து வேலைகளை எழுதினேன். சீட்டைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது, பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஐந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று குறைத்தேன். பிறகு ஒரு சந்தேகம்... சீட்டு பையில் இருக்கிறது. அதை எப்போது பார்ப்பது? பள்ளி மணி இருக்கிறதே! காலை இடைவேளை, மதியம், கடைசி மணி என்று மூன்று முறை மணி அடிக்கும்போது சட்டைப் பையைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று, நான்கு முறை மாற்றிய பிறகுதான் அந்தச் சீட்டு எனக்கு என்று ஆனது. ஓய்வு பெறும் வரை அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பாட்டியின் பென்சில்

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததை என் பாட்டி எப்போதோ செய்து வைத்திருந்தார்.

எங்கள் வீட்டு வாசல் கதவை ஒட்டி ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதன் ஆணியிலேயே நூல் கட்டி, ஒரு துண்டுப் பென்சிலும் தொங்கும். பால்காரர் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும் முன், பாட்டி அந்தத் தேதியில் எத்தனை ஆழாக்கு என்று குறித்துவிடுவார். மாதக் கடைசியில் கணக்கு கச்சிதமாக இருக்கும். பாட்டி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அந்தக் காலண்டர் ஏன் தவறவில்லை? பால் வாங்கும் இடத்திலேயே இருந்தது. வாங்கிய நிமிடமே எழுதப்பட்டது. பென்சிலைத் தேடி யாரும் ஓட வேண்டியதில்லை. அதே காலண்டர் கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியிருந்தால் கணக்கு நிச்சயம் தப்பியிருக்கும்.

வெளியூர் போகும்போது பாட்டி முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். சந்தையில் புடவையைச் சரி செய்யும்போதெல்லாம் முடிச்சு கையில் படும். ‘ஆமாம்... பெருங்காயம் வாங்கணுமே’ என்று நினைவு வந்துவிடும். வீட்டில் காலண்டர், வெளியே முடிச்சு. இடத்துக்குத் தக்கபடி வழி மாறுகிறது, பார்த்தீர்களா?

ஓட்டை விழுந்த நோட்டு

பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அமெரிக்க மேதையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். 1706ல் பிறந்து, 1790 வரை வாழ்ந்தார். அச்சுத் தொழிலாளியாக இருந்து பெரிய அறிஞராக உயர்ந்தவர்.

இளைஞராக இருந்தபோது, தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, பதின்மூன்று நல்ல குணங்களைப் பட்டியல் போட்டார். ஒரு சிறிய நோட்டில், குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கும் சிவப்பு மையால் கட்டம் போட்டார். தவறு செய்த நாளில் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். பதின்மூன்று வாரம் முடிந்ததும் பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

சுரண்டிச் சுரண்டி என்ன ஆயிற்று? நோட்டெல்லாம் ஓட்டை! நாமாக இருந்தால், ‘போதும்டா சாமி’ என்று நோட்டைத் தூக்கிப் போட்டிருப்போம். அவர் போடவில்லை. தந்தத்தால் ஆன மெல்லிய தகடுகள் உள்ள ஒரு குறிப்பேட்டுக்கு மாறினார். அழியாத சிவப்பு மையால் அதில் கட்டங்கள், பென்சிலால் புள்ளிகள். ஈரப் பஞ்சால் துடைத்தால் புள்ளி மட்டும் போய்விடும். பிரச்சினை தன்னிடம் இல்லை, தாளில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தாளை மாற்றினார், பழக்கத்தைத் தொடர்ந்தார். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஒழுங்கு என்ற குணம்தான் தனக்கு மிகவும் சிரமம் கொடுத்தது என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். பொருளை அதனதன் இடத்தில் வைப்பது அந்த மேதைக்கே கடைசி வரை சரியாக வரவில்லையாம்! ஆகவே, அலமாரி கலைந்து கிடக்கிறதே என்று நீங்கள் ரொம்பவும் மனம் உடைய வேண்டாம்.

விமானிக்கும் சீட்டு வேண்டும்

‘சீட்டெல்லாம் மறதிக்காரர்களுக்குத்தான், கெட்டிக்காரர்களுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி.

1935ம் ஆண்டு, அக்டோபர் 30ம் தேதி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், போயிங் 299 என்ற புதிய விமானத்தைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு இன்ஜின்கள் கொண்ட பெரிய விமானம். ஓட்டியவர் அனுபவம் மிக்க ராணுவ விமானி. விமானம் மேலே எழும்பியது. சிறிது நேரத்தில் நிலை தடுமாறி விழுந்து தீப்பிடித்தது. விமானி உட்பட இருவர் இறந்தனர்.

காரணம் என்ன தெரியுமா? தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருப்பதற்காக, விமானத்தின் வால் பகுதியில் உள்ள அசையும் பலகைகளுக்குப் பூட்டு போட்டு வைப்பார்கள். கிளம்பும் முன் அதை விடுவிக்க வேண்டும். அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். கவனிக்க வேண்டிய விஷயங்கள் அந்தப் புதிய விமானத்தில் அவ்வளவு அதிகம்!

அதன் பிறகு விமானிகள் என்ன செய்தார்கள்? ‘இனிமேல் கவனமாக இருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாக எழுதி வைத்தார்கள். அதுவும் ஒரே நீளப் பட்டியலாக இல்லை. கிளம்பும் முன் ஒன்று, பறக்கும்போது ஒன்று, இறங்கும் முன் ஒன்று, இறங்கிய பின் ஒன்று என்று நேரத்துக்கு ஏற்றபடி பிரித்தார்கள். இன்று உலகம் முழுவதும் விமானிகள், எத்தனை ஆயிரம் முறை பறந்திருந்தாலும், பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கிளம்புகிறார்கள்.

மருத்துவமனைகளிலும் இந்த வழி வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008ல், அறுவை சிகிச்சைக்காக 19 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டு செல்லும் முன் என்று மூன்று கட்டங்களில் அதைச் சரிபார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அந்தப் பட்டியலின் அடியிலேயே, உங்கள் இடத்தின் வழக்கத்துக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

உயிரைக் காக்கும் பட்டியலையே இடத்துக்குத் தக்கபடி மாற்றலாம் என்றால், உங்கள் டிராயிங் நோட்டுக்கான சீட்டை மாற்றக் கூடாதா?

உங்கள் சீட்டு எப்படி இருக்க வேண்டும்?

பக்கத்து வீட்டு அக்கா ஸ்கெட்ச் பேனாவால் ஏழு வண்ணத்தில் கால அட்டவணை போட்டிருப்பார். அதைப் பார்த்து, நீங்களும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழிப்பீர்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அதை மறந்துவிடுவீர்கள். சரிதானே? அது அக்காவின் நாளுக்குத் தைத்த சட்டை. உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

அதனால், முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எதை மறக்கிறீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். வார முடிவில் பார்த்தால், ஆயிரம் விஷயம் இருக்காது. மூன்று அல்லது நான்குதான் திரும்பத் திரும்ப வரும். பிறகு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால் எனக்குப் பயன்படும்? அந்த நேரத்தில் என் கையும் கண்ணும் எங்கே இருக்கும்?

சீட்டு இருக்க வேண்டிய இடம் அதுதான்!

ஒரு மாணவன் தண்ணீர் பாட்டிலைத் தினமும் வகுப்பிலேயே விட்டுவிட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரில் ‘பாட்டில்’ என்று எழுதி ஒட்டினால் என்ன பயன்? வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து என்ன செய்வது? கடைசி மணி அடித்ததும் அவன் கை போகும் இடம் பையின் ஜிப். ஜிப்பில் ஒரு சின்ன அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது.

அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடு. கடைசியாகப் பூட்டிவிட்டுக் கிளம்புவது நீங்கள்தான் என்றால், சீட்டு கதவின் உள்பக்கத்தில், தாழ்ப்பாளுக்கு மேலே இருக்கட்டும். ‘கேஸை மூடு. விளக்கை அணை. சாவியை எடு.’ மூன்றே வரி.

விடுதியில் தங்கிப் படிப்பவர்களா? டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். தினமும் திறக்கும் பெட்டி. மற்றவர்கள் பார்த்துக் கிண்டல் செய்யவும் முடியாது.

பள்ளி முடிந்து நேராக டியூஷனுக்குப் போகிறீர்களா? உங்களுக்குப் பையைக் காலையில் அடுக்குவது சரிப்படாது. இரவு படுக்கும் முன்தான் அடுக்க வேண்டும். அப்படியானால் சீட்டு தலையணைக்குப் பக்கத்தில்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘கணக்கு’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள். கணக்கைப் போட வேண்டுமா, நோட்டை எடுத்து வைக்க வேண்டுமா, சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? ‘கணக்கு நோட்டைப் பையில் வை’ என்று, செய்ய வேண்டிய செயலை எழுதுங்கள். அரைத் தூக்கத்தில் பார்த்தாலும் புரிய வேண்டும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். பாட்டியைப் போல, பென்சிலையும் நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

தினமும் தாள் கிழிக்கும் காலண்டர் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அது நல்ல நினைவுச் சீட்டு. ஆனால், ஒரு சூட்சுமம் உண்டு. 20ம் தேதி அறிவியல் கண்காட்சி என்றால், 20ம் தேதித் தாளில் எழுதுவதோடு நிறுத்திவிடக் கூடாது. அன்று காலை கிழித்துப் பார்த்து, ‘ஐயோ, தெர்மாகோல் வாங்கவில்லையே’ என்று அழத்தான் முடியும். 17ம் தேதித் தாளிலேயே, ‘தெர்மாகோல் வாங்கு’ என்று எழுதிவிடுங்கள். கடை திறந்திருக்கும் நாளில் நினைவு வர வேண்டும் அல்லவா?

இன்னொன்று... ஒரே இடத்தில் ஒரே சீட்டு நாட்கணக்கில் இருந்தால், கண்ணுக்கு அதுவும் சுவராகிவிடும். பார்ப்போம்; ஆனால் படிக்க மாட்டோம். அப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால், வேறு வண்ணத் தாளில் எழுதுங்கள். இடத்தை ஒரு சாண் நகர்த்துங்கள். தேர்வு வந்தால் சீட்டு மாறட்டும். மழைக்காலத்தில் குடை அதில் ஏறட்டும். கோடை விடுமுறையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஏறட்டும். பழகிவிட்ட வேலையைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பல் தேய்ப்பதற்குச் சீட்டு வேண்டுமா என்ன?

போன் இருக்கும்போது தாள் எதற்கு?

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். போனில் அலாரம் வைக்கலாம். தவறு என்று சொல்ல மாட்டேன். என் மாத்திரைக்கு நானே வைத்திருக்கிறேன். ஆனால் உங்களில் பலருக்குப் போன் என்றால் அது அம்மாவின் போன். அம்மா வேலைக்குப் போனால் அதுவும் கூடப் போய்விடும். பள்ளிக்குள் கொண்டு போகவும் பெரும்பாலும் அனுமதி இல்லை. தவிர, நோட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகப் போனைத் திறந்தவர், அரை மணி நேரம் விளையாடிவிட்டு, எதற்குத் திறந்தோம் என்பதையே மறந்த கதை எனக்குத் தெரியும். தாளில் விளையாட்டு கிடையாது. சார்ஜும் போட வேண்டாம்.

‘எழுதி எழுதி வைத்தால் ஞாபகசக்தி மழுங்கிவிடும்’ என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாய்ப்பாடு, திருக்குறள், அம்மாவின் போன் எண்... இவற்றை மனதில்தான் வைக்க வேண்டும். சீட்டில் எழுதித் தப்பிக்கக் கூடாது. ஆனால், வியாழக்கிழமை பச்சைக் கலர் சட்டை என்பதையும், வெள்ளிக்கிழமை பத்து ரூபாய் என்பதையும் எதற்குச் சுமக்க வேண்டும்? அவற்றைத் தாளிடம் கொடுத்துவிட்டு, மூளையைப் படிப்பதற்கும் யோசிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் சீட்டை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும். ஒட்டிய இடம் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கட்டும். அது அவர்களுடைய நாள், அவர்களுடைய சீட்டு. மறந்தால், ‘மறதிக்காரா’ என்று திட்டுவதற்குப் பதிலாக, ‘சீட்டை எங்கே வைத்தால் சரியாக வரும்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் ஆசிரியராக இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பல ஆண்டுகள் கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

செல்லங்களே, நான் செய்த தவறைச் சொன்னேன் அல்லவா? அந்த மாணவி, அந்த உதவித்தொகை இல்லாமலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து முடித்தாள். அவள் கெட்டிக்காரி. ஆனால், அந்த நான்கு ஆண்டும் ஜூன் மாதம் நோட்டு வாங்கும்போது அவளுடைய அப்பா எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்று நான் நினைக்காமல் இருந்ததில்லை. மறதி என்பது சில சமயம் டிராயிங் நோட்டோடு முடிந்துவிடுவதில்லை. நம்மை நம்பிய இன்னொருவரின் வாய்ப்பும் அதில் போய்விடும். நீங்கள் வளர வளர, உங்களை நம்பி ஒப்படைக்கிற காரியங்களும் வளரும். அதற்கு இப்போதிருந்தே பழக வேண்டும்.

எனவே இன்று இரவே ஒரு தாளை எடுங்கள். நாலாக மடியுங்கள். நாளைக்கு மறக்கக் கூடாத மூன்றை மட்டும் எழுதுங்கள். அடுத்த வாரமே அது பலிக்காமல் போகலாம். போகட்டும்! உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், சீட்டை மாற்றுங்கள். இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், வரிகளைக் குறையுங்கள். என்னுடையது நாலாவது முறையில்தான் சரியாக வந்தது. உங்களுடையது இரண்டாவது முறையிலேயே வந்துவிடலாம். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே!

என்ன, தொடங்கலாமா?